குதிரை முட்டையும் சிறகுள்ள குதிரையும்

சென்ற பருவத்தில் ஒரு நாள், நண்பகல் உணவுக்குப் பிந்திய முதற் பாடவேளை. சீறாப்புராணத்தின் படலம் ஒன்றினை யாம் விளக்கிக்கொண்டிருந்தோம். உச்சிவெயிலும் உண்ட களைப்பும் கூடி வகுப்பினைப் பாதித் துயிலில் ஆழ்த்தியிருந்த அவ்வேளையில், கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கிப் பார்த்து அடக்கமாட்டாமல் வெளிப்பட்ட சிரிப்பு அது. எழுந்து நின்றவர், பெண்ணாடத்தை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். பாடநூலுக்குள் வேறொரு நூல் இருந்தது. பேருந்து நிலையக் கடையில் வாங்கிய மலிவுப் பதிப்பு. அட்டையில் ஒரு கிழவர், ஒரு குதிரை, குதிரைக்குப் பின்னால் ஐந்து பேர். பரமார்த்த குரு கதை.

"இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா? பட்டப்படிப்பு மாணவர் படிக்கும் நூலா இது?" என்று யாம் கடிந்தோம். அவர் தலைகுனிந்து நின்றார். பின்னர் மெல்லிய குரலில், "ஐயா, நான் முழுசாப் படிச்சு முடிக்கப்போற முதல் புத்தகம் இதுதாங்க" என்றார். வகுப்பு சிரித்தது. யாம் நூலைப் பறித்து மேசைமேல் வைத்துக்கொண்டு படலத்தைத் தொடர்ந்தோம்.

அன்று மாலை பெண்ணாடம் செல்லும் பேருந்தில், பையிலிருந்த அந்நூலைப் பிரித்தோம். குற்றப்பொருளைச் சோதிக்கும் எண்ணத்தோடுதான் பிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். நான்காம் பக்கத்தில் முறுவல் வந்தது. பத்தாம் பக்கத்தில் வாய்விட்டே சிரித்துவிட்டோம். அருகிலிருந்த முதியவர் ஒருவர், வேளாண்மை செய்பவர் போலும், எட்டிப் பார்த்து, "என்ன கதைங்க அது?" என்றார். ஆறு தூங்குகிறதா என்று சோதிக்கும் இடம் என்றோம். "அட, கொள்ளிக்கட்டையை உட்டுப் பாக்குறதுதானே? எங்க ஆயா சொல்லும்" என்றவர், வெள்ளாற்றைச் சுட்டிக் கதை முழுவதையும் எம்மைவிட நன்றாகச் சொல்லி முடித்தார். அவர் அந்நூலைக் கண்ணால் கண்டவரல்லர்.

கதையை அறியாத இளையோர்க்காகச் சிறிது சொல்வோம். பரமார்த்தர் ஒரு குரு. அவர்க்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும் என்பது அவர்கள் அச்சம். எரியும் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறார்கள். 'சுர்'ரென்று சீறிப் புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறது! பிறிதொரு பொழுதில் அதே அணைந்த கட்டையைக் கொண்டுபோய்த் தோய்க்கிறார்கள். ஓசையில்லை. ஆறு உறங்குகிறது! ஓசைப்படாமல் கடந்து, கரையேறி, தலை எண்ணுகிறார்கள். எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒருவர் குறைகிறார். ஆறு ஒருவரைக் கொண்டுபோய்விட்டதென்று கரையில் ஒரே அழுகை. வழிப்போக்கர் ஒருவர் வந்து, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து எண்ணிக் காட்டி, தொலைந்தவரை 'மீட்டு'க் கொடுத்துக் கூலியும் பெற்றுச் செல்கிறார்.

நடந்து நடந்து இளைத்த குருவுக்குக் குதிரை வேண்டும். குதிரை விலை பெரிது. பூசணிக்காயைக் காட்டி இது குதிரை முட்டை என்று ஒருவன் விற்க, மகிழ்ந்து வாங்கி வருகிறார்கள். வழியில் அது விழுந்து உடைகிறது. அங்கே புதரில் பதுங்கியிருந்த முயல் அஞ்சி ஓடுகிறது. பிறந்தவுடனே இவ்வளவு வேகமாக ஓடும் குதிரைக்குட்டியை இழந்தோமே என்று துரத்தி ஓடி, முள்ளில் கிழிந்து, வெறுங்கையோடு திரும்புகிறார்கள். இன்னொரு கதையில் ஐயனார் கோயில் குளக்கரையில் நிற்கும் மண்குதிரையின் நிழல் நீரில் அசைவதைக் கண்டு, அக்குதிரையைத் தூண்டிலிட்டுப் பிடிக்க முயல்கிறார்கள். எம் வட்டாரத்தில் ஊர்தோறும் சுடுமண் குதிரை நிற்கிறது. விருத்தாசலத்தில் களிமண்ணை அச்சில் வார்த்துச் சூளையிலிட்டுப் பீங்கான் பொம்மைகள் செய்கிறார்கள். மண்குதிரையோடு பிறந்து வளர்ந்த எமக்கு அந்தக் குளத்தை வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

இந்நூல் பிறந்த சூழலும் எமக்கு அயலன்று. இதனை இயற்றியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (பிறப்பு 1680). தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அதே பெருமகனார்தாம். விருத்தாசலம் வட்டாரத்துக் கோனான்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி அன்னை கோயில் இன்றும் இருக்கிறது. தேம்பாவணி அங்கே பாடப்பெற்றது என்பது மரபு. கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியும் அவர் நெடுநாள் வாழ்ந்த ஊர். அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் பயில்வோர்க்கு எளிய தமிழைச் சிரிப்போடு ஊட்டக் கருதியே இக்கதைகளை எழுதினார் என்பர். 1822-ஆம் ஆண்டு பெஞ்சமின் பாபிங்டன் என்பார் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் இதனை இலண்டனில் அச்சிட்டார். தமிழ் உரைநடைக் கதை நூல்களுள் முன்னோடியாக எண்ணப்படும் ஒன்று, மூடர் ஐவரின் கதையாக அமைந்திருப்பதில் எமக்குப் பெருமையே.

முனிவர் இவற்றை முற்றிலும் தாமே புனைந்தாரா, ஊர்வாயில் கேட்டவற்றைத் தொகுத்தாரா என்னும் வினா உண்டு. தன்னை விட்டு எண்ணும் மூடர்கள் இங்கிலாந்தின் கோதம் ஊர்க் கதைகளிலும் இருக்கிறார்கள். நம் முல்லா நஸ்ருத்தீனும், தாம் ஏறியிருக்கும் கழுதையை விட்டுவிட்டு மற்றக் கழுதைகளை எண்ணி ஒன்று குறைகிறதென்று திகைத்தவர்தாம். சிரிப்புக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை போலும்.

ஈண்டு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'மிலேச்சன்' என்னும் பெயரைப் படிக்கும்போது எம்மனோர்க்குச் சிறிது உறுத்தும். வேற்று நாட்டாரையும் வேற்றுச் சமயத்தாரையும் இழித்துரைக்க ஆண்ட சொல் அது. ஆயின் இதனை எழுதியவரே கடல் கடந்து வந்தவர். அச்சொல்லால் சுட்டப்படத் தக்கவர். மூடர் குழாத்தில் தம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொண்டாரோ என்று எமக்கு ஓர் ஐயம். சான்று காட்ட இயலாது. ஆயினும் அவ்வாறு எண்ணிக்கொண்டு படித்தால் அப்பெயர் உறுத்துவதில்லை.

பேருந்தில் எம்மைச் சிரிக்க வைத்தது கொள்ளிக்கட்டை. வீட்டில் எம்மைச் சிரிக்கவிடாமல் செய்தது வேறோர் இடம். குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது, சீடர் எடுக்கவில்லை. விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு கடிந்ததும், குதிரையின் சாணத்தையும் எடுத்து வருகிறார்கள். இதனால் நொந்த குரு, எடுக்க வேண்டிய பொருள்களை ஓர் ஓலையில் வரிசையாக எழுதிக் கொடுக்கிறார். பிறிதொரு நாள் குருவே பள்ளத்தில் விழுகிறார். சீடர்கள் ஓலையை எடுத்துப் படிக்கிறார்கள். தலைப்பாகை இருக்கிறது, எடுக்கிறார்கள். வேட்டி இருக்கிறது, எடுக்கிறார்கள். குருவின் பெயர் ஓலையில் இல்லை. எனவே அவரை வெற்றுடம்போடு பள்ளத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கெஞ்சியும் பயனில்லை. ஓலையை வாங்கித் தம்மையும் எடுக்க வேண்டுமென்று அவரே எழுதித் தந்த பின்புதான் தூக்கிவிடுகிறார்கள்.

"இது பாடத்திட்டத்தில் இருக்கிறதா?" என்று அன்று நண்பகல் கேட்டவர் யார்? கையில் ஓலையோடு நின்றவர் யாமேயன்றோ? பாடத்திட்டத்திலுள்ள உரையும் குறிப்பும் வினாத்தாளும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, படிக்கும் இன்பத்தைப் பள்ளத்தில் விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கிறோம். மூன்றாண்டு தமிழிலக்கியம் பயின்று பட்டம் பெற்ற ஒருவர், தாமாக விரும்பி ஒரு நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்ததில்லை என்றால் அக்குறை அவருடையதா? அடுத்த நாள் காலை வகுப்பிலேயே அந்நூலைத் திருப்பிக் கொடுத்து, பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டோம். அதிலும் ஒரு சிரிப்பு எழுந்தது. இம்முறை யாம் கடிந்துகொள்ளவில்லை.

தமிழ்த்துறையினர்க்கு இச்சுவை கீழானதன்று என்பதற்குத் தொல்காப்பியரே சான்று. மெய்ப்பாடு எட்டனுள் முதலில் அவர் வைத்தது நகையை. அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கின்கண் தோன்றும் என்றார். பரமார்த்தரின் சீடருள் இருவர் பெயர்களை இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், முனிவர் தமிழ் இலக்கணத்தைச் சிரித்துக்கொண்டே பயின்றிருக்கிறார் என்று தோன்றும். செய்யுளியலில் உரைநடையை வகுக்குமிடத்தில், உலகில் நிகழாத பொருளைக் கட்டியுரைக்கும் பொய்ம்மொழியை ஒரு வகையாகவும், பொருள் பொதிந்த நகைமொழியை மற்றொரு வகையாகவும் வைத்தார். பொய்ம்மொழிக்குப் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு, யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஒன்றனைச் செய்ததாகக் கூறும் கதை. யானையும் குருவியும்! அவை எங்கே சென்றன, என்ன செய்தன என்று உரையாசிரியர் சொல்லாமல் விட்டது எமக்குத் தீராத ஏக்கம். உரைவகையுள் ஒன்று செவிலிக்கு உரியது என்றும் அந்நூற்பாவை அடுத்துக் கூறப்படுகிறது. செவிலி யாருக்குக் கதை சொல்லியிருப்பாள்? ஆண்டுதோறும் இந்நூற்பாவை நடத்துகிறோம். மதிப்பெண்ணுக்கு நான்கு வகையையும் எழுதச் சொல்கிறோம். அதில் ஒரு குழந்தை அமர்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பதைக் காண்பதில்லை.

எமக்கு வாய்த்த செவிலி எம் நன்னிமா. மின்சாரம் போன இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்த்தி, மீனவனும் ஜின்னும் கதையைச் சொல்வார். ஆயிரத்தொரு இரவுகளில் வருவதுதான். சுலைமான் நபியின் முத்திரையிட்ட செப்புச் சாடியிலிருந்து வெளிப்பட்ட ஜின், தன்னை விடுவித்த மீனவனையே கொல்லப் புறப்படுகிறது. 'இவ்வளவு பெரிய நீ இந்தச் சிறு சாடிக்குள் எப்படி இருந்தாய்? நான் நம்பமாட்டேன்' என்கிறான் மீனவன். நம்ப வைப்பதற்காக ஜின் மீண்டும் சாடிக்குள் நுழைய, இவன் மூடிவிடுகிறான். நன்னிமா அந்த ஜின்னுக்குச் சளி பிடித்த குரல் கொடுப்பார். பல நூற்றாண்டு கடலுக்கடியில் கிடந்தால் சளி பிடிக்காதா என்பார். விளக்கணைந்த பின்னும் எமக்கு அச்சம் வந்ததில்லை. மூக்குறிஞ்சும் ஜின்னை எண்ணிப் போர்வைக்குள் சிரித்துக்கொண்டு உறங்கிப்போவோம். பின்னாளில் கிளை நூலகத்தில் அம்புலிமாமாவும் வாண்டுமாமாவின் கதைகளும் கையில் கிடைத்தபோது, அரக்கனைக் கண்டால் முதலில் அவனிடம் சிரிக்கத்தக்கது எது என்று தேடும் பழக்கம் எமக்கு வந்திருந்தது. பெண்ணும் ஆவும் யானையும் வழிபட்டதால் பெண்ணாகடம் எனப் பெயர் பெற்றதாகக் கதை சொல்லும் ஊரில் பிறந்தவர்க்கு இது இயல்புதான்.

இன்று இளையோர்க்கென வரும் நூல்கள் பலவற்றில் எமக்கு ஒரு மனக்குறை உண்டு. கதை முடிந்ததும், 'இதனால் அறியப்படும் நீதி' என்று ஒரு வாலை ஒட்டிவிடுகிறார்கள். சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் வாயில் மருந்தை ஊற்றுவது போன்றது அது. பரமார்த்த குருவில் வால் இல்லை. 1865-இல் வெளிவந்து உலகக் குழந்தைகளைச் சிரிக்க வைத்த ஆலிசின் அற்புத உலகக் கதைக்கும் அத்தகைய வால் இல்லை. எதிலும் நீதியைக் கண்டுபிடிக்கும் சீமாட்டி ஒருத்தியை அதன் ஆசிரியர் கேலியே செய்கிறார்.

வால் இல்லையென்றால் பயன் இல்லையா என்று கேட்கலாம். குதிரை முட்டை இப்போதும் விற்பனைக்கு வருகிறது. கைப்பேசியில் வருகிறது. பதிவுக் கட்டணம் செலுத்தினால் வேலை உறுதி என்றும், முன்பணம் கட்டினால் பரிசு வீடு தேடி வரும் என்றும் வந்த செய்திகளை நம்பிப் பணம் இழந்த மாணவர்கள் எம் துறையிலேயே உண்டு. பூசணியைக் கண்டு சிரித்துப் பழகியவர் எவரும் ஏமாறமாட்டார் என்று யாம் உறுதி கூறவில்லை. எம்மையே இருமுறை ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் முறை பணம் செலுத்திய அன்றே, முயல் ஓடுவது எமக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு வாரங் கழித்து அம்மாணவர் துறைக்கு வந்தார். "முடிச்சிட்டேங்க ஐயா. அடுத்து என்ன படிக்கலாம்?" என்றார். துறை நிலைப்பேழையைத் திறந்தோம். உரைநூல்கள் இருந்தன, வினா விடைத் தொகுப்புகள் இருந்தன, எம் எம்.ஃபில். ஆய்வேடும் தூசு படிந்து இருந்தது. அவர் கையில் எடுத்துக் கொடுக்க ஒரு நூல் இல்லை. ஆசிரியப் பணியில் யாம் நாணிய பொழுதுகளுள் அது ஒன்று. அன்றே அமர்ந்து, கல்லூரி நூலகத்துக்கு வாங்க வேண்டிய இளையோர் கதை நூல்களென்று பன்னிரண்டு தலைப்புகளை எழுதினோம். பரமார்த்த குரு, முல்லாவின் கதைகள், ஆயிரத்தொரு இரவுகளின் தேர்ந்த கதைகள், வாண்டுமாமாவின் நூல்கள் சில, அண்மைக் காலத்தில் எழுதப்பெற்ற சிறார் புதினங்கள் சில.

பட்டியல் ஆட்சிக் குழுவின் மூத்தவர் ஒருவர் பார்வைக்குச் சென்றது. கல்லூரியின் நலனன்றி வேறொன்றும் கருதாத பெரியவர். எம்மை அழைத்து, "தம்பி, நம்ம பிள்ளைகளுக்குப் பொய்க் கதை எதற்கு? வேடிக்கையாகப் பேசும்போதும் உண்மையே பேசிய நபியின் உம்மத் இல்லையா நாம்?" என்றார். எளிதில் தள்ளிவிடத்தக்க வினா அன்று அது. பொய் என்பது, கேட்பவர் உண்மையென்று நம்ப வேண்டுமென்னும் நோக்கத்தோடு சொல்லப்படுவது. பூசணியைக் குதிரை முட்டை என்று விற்றவன் சொன்னது பொய். அதைக் கதையாக்கி எழுதியவர் சொன்னது பொய்யன்று; நாம் நம்பமாட்டோம் என்று தெரிந்தே, நம்மைச் சிரிக்க அழைக்கிறார். இவ்வாறு சொன்னோம். பெரியவர் முகத்தில் மாற்றம் இல்லை.

பின்னர் ஒரு நிகழ்வை நினைவூட்டினோம். அபூதாவூத் தொகுப்பில் பதிவாகியிருப்பது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் படையெடுப்பொன்றிலிருந்து திரும்பியிருந்த சமயம். காற்றில் திரை விலக, இளமைப் பருவத்து ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே ஒரு குதிரை. அதற்குத் துணியாலான இரு சிறகுகள். குதிரைக்குச் சிறகா என்று வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களுக்குச் சிறகுள்ள குதிரைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று விடை வந்தது. கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். 'ஹாஜியார், அந்தச் சிறகைக் கிழித்தெறியச் சொன்னதாக அவ்வறிவிப்பில் இல்லை' என்றோம்.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பட்டியலைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் தலைப்பில் விரல் வைத்து, "குதிரை முட்டை என்றீரே, அது என்ன?" என்றார். பூசணிக்காயிலிருந்து தொடங்கினோம். முயல் ஓடிய இடத்தில் அவர் சிரித்த சிரிப்புக்கு அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பதினொரு நூல்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. பன்னிரண்டாவது விலை மிகுதி என்று அடித்துவிட்டு, பரமார்த்த குருவுக்கு எதிரே 'ஒரு படி' என்றிருந்ததை 'இரண்டு' என்று திருத்தினார். மற்றொன்று தம் பேரனுக்கென்றும், அதற்குரிய தொகையைத் தாமே தருவதாகவும் சொன்னார்.